தூரிகையும் கையும்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று ஒரு பழமொழி இருக்கிறது. கருவியைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பவர்களின் வாயை அடைக்க இதைவிடச் சிறந்த வாக்கியம் கிடையாது. ஆனால் நன்றாக ஆடத் தெரிந்தவள் கூடத்தைப் பார்ப்பதே இல்லையா? அதைப் பற்றிப் பழமொழி வாய் திறப்பதில்லை. மிருதங்க வித்துவான் கச்சேரி தொடங்குமுன் ரவையைக் குழைத்துத் தொப்பியில் அப்புகிறார், தட்டிப் பார்க்கிறார், கூடிவிட்டது என்று தோன்றினால் கொஞ்சம் வழித்து எடுக்கிறார். நாகஸ்வரக்காரர் ஒரு கொத்துச் சீவாளிகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். தொழில் தெரிந்தவனுக்குத்தான் கருவியின் மேல் அத்தனை கவலை.

சித்திரக்காரனின் கருவி தூரிகை. துகிலிகை என்றும் வட்டிகை என்றும் பழந்தமிழில் அதற்குப் பெயர்கள் உண்டு. இன்று படம் வரைகிறவர்களில் பலர் கம்ப்யூட்டர் திரையின்மேல் வரைகிறார்கள். ரோமமும் இல்லை, பிடியும் இல்லை, கழுவுவதற்குக் கிண்ணத்தில் தண்ணீரும் இல்லை. அங்கே தூரிகைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை உண்டு என்பது மட்டுமல்ல. அவர்களில் பலர் தங்களுக்கு வேண்டிய தூரிகையைத் தாங்களே செய்துகொள்ளவும் செய்கிறார்கள். நூறு நூற்றைம்பது வருஷங்களாக மேல்நாட்டு ஓவியர்கள் மறந்துபோயிருந்த ஒரு வழக்கம், யந்திரத்துக்குள்ளே மறுபிறவி எடுத்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சீன தேசத்தில் தூரிகையைக் கண்டுபிடித்தவர் மெங் தியான் என்ற சேனாதிபதி என்று ஐதிகம். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டுக்காரர் அவர். ஆனால் 1954-ஆம் ஆண்டில் சாங்ஷா நகருக்கு அருகே ஒரு பழைய கல்லறையைத் தோண்டியபோது, அவருடைய காலத்துக்கும் முந்திய தூரிகை ஒன்று கிடைத்துவிட்டது. முயல் ரோமத்தால் ஆனது. சேனாதிபதியின் புகழுக்கு அதனால் கொஞ்சம் குறைவு ஏற்பட்டிருக்கலாம். தூரிகையின் வயது கூடிவிட்டது. நம் நாட்டில் மொகலாயர் காலத்துச் சிற்றோவியக்காரர்கள் அணில் வாலின் ரோமத்தைப் புறா இறகின் குழலில் செருகிக் கட்டிய தூரிகையைக் கொண்டு, ராஜகுமாரியின் இமை மயிரை ஒவ்வொன்றாக எழுதினார்கள்.

இத்தாலியில் 1400-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் தம் தொழிலைப் பற்றி ஒரு கைப்புத்தகம் எழுதி வைத்தார். சமையல் புத்தகம் எழுதுகிற பாட்டியின் நிதானத்துடன் அதில் தூரிகை செய்யும் முறையை விவரிக்கிறார். மெல்லிய தூரிகைக்கு அணில் வகையைச் சேர்ந்த பிராணியின் வால் ரோமம் வேண்டும். அதைச் செருகும் குழலுக்குக் கழுகின் இறகு, வாத்தின் இறகு, கோழியின் இறகு, புறாவின் இறகு என்று, வேண்டிய பருமனைப் பொறுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். முரட்டுத் தூரிகைக்குப் பன்றி ரோமம்; அதிலும் வெள்ளைப் பன்றி; அதிலும் வீட்டில் வளர்ந்த பன்றி.

இதற்குப் பிறகு அவர் சொல்வதுதான் மிகவும் ருசியானது. பன்றி ரோமத்தைக் கட்டியவுடன் அதைக் கொண்டு படம் எழுதக் கூடாதாம். முதலில் ஒரு பெரிய கட்டாகக் கட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அடித்து அடித்து ரோமம் பதமாகி மென்மையடைந்த பிறகு, கட்டை அவிழ்த்து, சிறு சிறு தூரிகைகளாகப் பிரித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். புது மாட்டை வண்டியில் பூட்டுமுன் வெறும் நுகத்தடியில் பழக்குவதில்லையா? அதைப் போலத்தான். தூரிகைக்கும் ஒரு பயிற்சிக் காலம் உண்டு என்று நினைத்தவர் அவர்.

ஆக, அந்தக் காலத்துப் பட்டறையில் சேர்ந்த பையன் ஓவியம் கற்றுக்கொள்ளுமுன் தூரிகை கட்டக் கற்றுக்கொண்டான். பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் உலோகப் பூண் வந்தது. இறகுக் குழலில் ரோமம் உருண்டையாகத்தான் நிற்கும். பூணை நசுக்கினால் தட்டையாகவும் நிற்கும். தட்டைத் தூரிகை வந்ததும், பட்டை பட்டையாக வர்ணத்தை வைக்கும் புதிய பாணிக்கு வசதி ஏற்பட்டது. 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வர்ணத்தைத் தகரக் குழாயில் அடைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அப்புறம் கேட்பானேன்? தூரிகையும் வர்ணமும் கடைச் சரக்காயின. சௌகரியம் அதிகமாயிற்று. அந்தச் சௌகரியத்துக்கு ஓவியர்கள் கொடுத்த விலை, தம் கருவி எப்படி உண்டாகிறது என்ற ஞானம்.

இனி யந்திரத்துக்கு வருவோம்.

1963-இல் அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஐவன் சதர்லண்ட் என்ற இளைஞர் கம்ப்யூட்டர் திரையின்மேல் ஒளிப் பேனாவால் கோடு இழுத்துக் காட்டினார். அது பெரிய சாதனைதான். ஆனால் அது என்ஜினீயரின் வரைபடப் பலகை. கோடு உண்டு, வட்டம் உண்டு, வர்ணம் கிடையாது, தூரிகையும் கிடையாது. திரையில் தூரிகை பிறப்பதற்கு இன்னும் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே ரிச்சர்ட் ஷூப் என்பவர் ‘சூப்பர்பெயின்ட்’ என்ற ஒரு சாதனத்தை அமைத்தார். திரையில் தெரியும் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே ஞாபகம் வைத்துக்கொள்ளும் யந்திரம் அது. குறுக்கே 640 புள்ளி, நெடுக 480 புள்ளி. ஆக 3,07,200 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 256 வர்ணங்களில் ஒன்றைக் கொடுக்கலாம். 1973 ஏப்ரலில் அதில் முதல் படம் ஏறியது. அது ஷூப்பின் படமேதான். யந்திரம் ஒரு மாதிரியாக வேலை செய்கிறது என்று எழுதிய அட்டையை அவர் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு அடக்கத்தோடு அறிமுகமான பெரிய காரியங்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

அடுத்த வருஷம் ஆல்வி ரே ஸ்மித் என்பவர் அவரோடு வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படித்தவர், சித்திரத்திலும் பித்து உடையவர். அந்த யந்திரத்தைக் கண்டதும் ஊண் உறக்கம் மறந்தார். ஆனால் 1975-இன் தொடக்கத்தில் அவருக்கு வேலை போய்விட்டது. காரணம் என்ன தெரியுமா? கம்பெனி இனிமேல் கறுப்பு வெள்ளையோடு நிற்கப் போகிறது, வர்ணம் தேவையில்லை என்று மேலிடத்தார் தீர்மானித்ததுதான். வர்ணத்தோடு பிறந்த ஒரு கலையை வர்ணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஸ்மித் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் உள்ள ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய், ‘பெயின்ட்’ என்ற தம் சொந்தச் செயலியை எழுதினார். 1998-இல் ஹாலிவுட்டின் அகாடமி, ஷூப், ஸ்மித், தாமஸ் போர்ட்டர் ஆகிய மூவருக்கும் இந்த வேலைக்காகவே விஞ்ஞானப் பிரிவுப் பரிசு அளித்தது. காலம் சில சமயம் தாமதமாகத்தான் நியாயம் வழங்குகிறது, ஆனாலும் வழங்குகிறது.

சரி, திரையில் தூரிகை எப்படி வேலை செய்கிறது? இதை விளக்க விஞ்ஞானப் புத்தகம் தேவையில்லை. கோகுலாஷ்டமியன்று நம் வீட்டுப் பெண்கள் செய்வதை நினைத்துப் பாருங்கள். அரிசிமாவைக் கரைத்து, மூடிய கையின் பக்கவாட்டை அதில் தோய்த்து, தரையில் ஒற்றி எடுக்கிறார்கள். விரல்களுக்கு ஐந்து பொட்டு. ஒரு குட்டிப் பாதம் வந்துவிடுகிறது. அடுத்ததைக் கொஞ்சம் தள்ளி, வலமும் இடமுமாக மாற்றி வைக்கிறார்கள். வாசலிலிருந்து பூஜை அறை வரையில் வரிசையாகப் பார்க்கும்போது, கண்ணன் நடந்து வந்தது போலவே தோன்றுகிறது. அங்கே இருப்பது ஒற்றிய தடங்கள் மட்டும். நடையை நம் கண் உண்டாக்கிக்கொள்கிறது.

கம்ப்யூட்டர் தூரிகையும் இவ்வளவுதான். கோடு என்று நாம் பார்ப்பது நெருக்கமாக ஒற்றிய தடங்களின் வரிசை. போட்டோஷாப் என்ற பிரசித்தமான செயலியில், தடத்தின் அகலத்தில் நூற்றுக்கு 25 பங்கு நகர்ந்ததும் அடுத்த தடம் விழும் என்று தொடக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அதைக் குறைத்தால் கோடு வழவழப்பாகும். நூறுக்கு மேல் ஏற்றினால் தடங்கள் பிரிந்து, கோர்க்காத மணிகள் போல் கிடக்கும்.

தடம் என்னவாக இருக்க வேண்டும் என்பது வரைகிறவரின் இஷ்டம். இந்த இடத்தில்தான் சொந்தத் தூரிகை பிறக்கிறது. 1985-இல் அமிகா என்ற கம்ப்யூட்டருக்காக டான் சில்வா எழுதிய ‘டீலக்ஸ் பெயின்ட்’ செயலியில், திரையில் இருக்கும் படத்தின் எந்தப் பகுதியையும் கட்டம் கட்டி எடுத்து, அதையே தூரிகையாக்கி இழுக்கலாம். பூவை எடுத்தால் பூவால் வரையலாம். கண்ணை எடுத்தால் கண்ணால் வரையலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட மணிக்கணக்கில் அதில் மூழ்கிப் போனார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

போட்டோஷாப்பின் பிறப்பு வேறு விதமானது. 1987-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் நோல் என்பவர் அதைத் தொடங்கினார். சினிமாத் தந்திரக் காட்சிகளில் வேலை பார்த்த அவருடைய சகோதரர் ஜான் நோல் கூடச் சேர்ந்துகொண்டார். அவர்களுடைய தகப்பனார் வீட்டு நிலவறையில் போட்டோ கழுவும் இருட்டறை வைத்திருந்தவர். பிள்ளைகள் செய்தது அந்த இருட்டறையை யந்திரத்துக்குள் கொண்டுபோனதுதான். 1990 பிப்ரவரியில் அடோபி கம்பெனி அதை வெளியிட்டது. போட்டோவைச் செப்பனிடப் பிறந்த அந்தச் செயலியை ஓவியர்கள் மெல்ல மெல்லத் தங்கள் வீடாக்கிக்கொண்டார்கள்.

அதில் தூரிகை செய்கிற முறை மிகவும் எளிது. வெள்ளைப் பரப்பில் கறுப்பாக ஏதாவது ஒரு தடம் உண்டாக்க வேண்டும். மையில் தோய்த்த கந்தலை ஒற்றிப் படமெடுக்கலாம். சுவரின் காரை பெயர்ந்த இடத்தைப் படமெடுக்கலாம். வேப்பங்கொத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வைத்துப் படமெடுக்கலாம். அதைத் தூரிகை என்று பெயரிட்டுச் சேமித்துவிட்டால் போதும். கறுப்பு இருக்கும் இடத்தில் வர்ணம் முழுசாக விழும். சாம்பல் இருக்கும் இடத்தில் பாதி. வெள்ளையில் ஒன்றும் விழாது. தடம் வர்ணத்தை வைத்துக்கொள்வதில்லை. வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. வர்ணம் அன்றன்று வரைகிறவர் தோய்த்துக்கொள்வது.

2002-இல் வந்த ஏழாம் பதிப்பில் இந்தத் தடத்துக்கு உயிரோட்டம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை ஒற்றும்போதும் தடம் கொஞ்சம் திரும்பலாம், கொஞ்சம் பெருக்கலாம் அல்லது சிறுக்கலாம், வரிசையை விட்டு அங்குமிங்கும் சிதறலாம். ஜப்பானிய வாகோம் கம்பெனி 1980-களிலேயே கொண்டுவந்திருந்த மின்பேனா, கை அழுத்துவதை யந்திரத்துக்குச் சொல்லும். மெல்லத் தொட்டால் மெல்லிய தடம்; அழுத்தினால் அகன்ற தடம். வேப்பிலைத் தூரிகையை இப்படிச் சிதறவிட்டால், கால் மணி நேரத்தில் ஒரு வேப்பமரம் தழைத்து நிற்கும்.

தழைத்து நிற்கும், ஆனால் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். திரும்பிய இலையும் சிறுத்த இலையும் ஒரே இலைதான். ஓரத்தில் பூச்சி அரித்த பொத்தல் ஒன்று இருந்தால், அந்தப் பொத்தல் ஆயிரம் இலையிலும் இருக்கும். வாசலில் நிற்கும் மரத்திலோ ஓர் இலை போல் இன்னோர் இலை இல்லை. கண் முதலில் ஏமாறுகிறது, பிறகு கண்டுபிடிக்கிறது, கண்டுபிடித்த பிறகு மன்னிப்பதில்லை.

இந்தக் குறை தொடக்கத்திலேயே சிலருக்குத் தெரிந்திருந்தது. 1986-இல் ஸ்டீவ் ஸ்ட்ராஸ்மன் என்பவர் ஜப்பானிய மை ஓவியத்தை யந்திரத்தில் கொண்டுவர முயன்றபோது, தடத்தை ஒற்றுகிற யுக்தியை விட்டுவிட்டார். தூரிகையை ரோமம் ரோமமாகவே கற்பனை செய்தார். ஒவ்வொரு ரோமத்துக்கும் இவ்வளவு மை என்று கணக்கு. இழுக்க இழுக்க மை குறையும். தீர்ந்த ரோமம் வெறுமனே போகும். கோட்டின் கடைசியில் வறண்ட கீற்றுகள் தெரியும். 1991-இல் மார்க் ஸிம்மர், டாம் ஹெட்ஜஸ் இருவரும் ‘பெயின்டர்’ என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். அதில் காகிதத்தின் சொரசொரப்பு இருந்தது. சுண்ணக்கட்டி அந்தச் சொரசொரப்பின் மேட்டில் ஒட்டிப் பள்ளத்தை விட்டுப் போயிற்று. அந்தச் செயலியை நிஜமான வர்ண டப்பாவில் அடைத்தே விற்றார்கள். வியாபாரிகளின் குறும்புதான், ஆனாலும் ஓர் ஏக்கம் அதில் தெரிகிறதல்லவா?

கருவியைத் தானே செய்கிறவன் இருந்தால், அதை விலைக்குக் கேட்கிறவனும் வருவான். அமெரிக்கச் சித்திரக்காரர் கைல் வெப்ஸ்டர் தமக்கென்று செய்த தூரிகைகளைப் பிறருக்கும் விற்றார். 2017-இல் அடோபி கம்பெனி அந்தத் தொகுப்பை வாங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட தூரிகைகளைத் தன் சந்தாதாரர்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்னொரு பக்கம், ‘கிரீட்டா’ என்ற இலவசச் செயலியைச் சுற்றித் தூரிகைகளைத் தர்மமாகவே கொடுக்கிறவர்களும் உண்டு. கிரீட்டா என்றால் ஸ்வீடன் மொழியில் சுண்ணக்கட்டி என்று பொருள்.

இவ்வளவும் நல்லதுதான். ஏழைப் பையன் ஒருவன் விலையுயர்ந்த ரோமத் தூரிகை வாங்க முடியாமல் வரைவதை விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அழகான படம் ஒன்றைக் கண்டவுடன் இளைஞர்கள் முதலில் கேட்கும் கேள்வியைக் கவனித்தீர்களானால், சற்றுக் கவலை பிறக்கும். “எந்தத் தூரிகையில் வரைந்தீர்கள்?” என்று கேட்கிறார்கள். “ஸார், எந்தப் பேனாவில் எழுதுகிறீர்கள்?” என்று கதாசிரியர்களைக் கேட்கும் வாசகர்கள் உண்டு. பேனாவின் பெயரைச் சொல்லிவிட்டு நாங்கள் சிரித்துக்கொள்வோம். ஓவியர்களால் அப்படிச் சிரித்துவிட முடியவில்லை. ஏனென்றால் பேனா வாக்கியத்தில் தன் முகத்தைக் காட்டுவதில்லை. தூரிகை படத்தில் காட்டிவிடுகிறது. ஒரே மேகத் தூரிகையால் பதினாயிரம் பேர் மேகம் வரைந்தால், பதினாயிரம் வானத்திலும் ஒரே மேகம்தான்.

2017-இல் நடந்த மற்றொரு காரியம் இந்த விஷயத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. நார்வே தேசத்து மகா ஓவியர் எட்வர்ட் மூங்க் 1944 ஜனவரியில், 80-ஆம் வயதில் காலமானார். தம்மிடம் இருந்த ஓவியங்களையெல்லாம் ஆஸ்லோ நகரத்துக்கு எழுதி வைத்திருந்தார். அவருக்காக 1963-இல் திறந்த மியூசியத்தின் பொறுப்பில் அவருடைய பழைய தூரிகைகளும் இருந்தன. அவற்றில் ஏழு தூரிகைகளை மியூசியமும் அடோபி கம்பெனியும் சேர்ந்து எல்லாப் பக்கங்களிலிருந்தும் நுட்பமாகப் படமெடுத்தன. முன்பு சொன்ன வெப்ஸ்டர் அவற்றைக் கம்ப்யூட்டர் தூரிகைகளாக்கினார். எழுபது வருஷத்துக்கு மேல் தூங்கிய தூரிகைகள் உலகெங்கும் திரைகளில் விழித்துக்கொண்டன. ‘அலறல்’ என்ற அவருடைய புகழ் பெற்ற ஓவியத்தை அந்தத் தூரிகைகளால் புதிதாக வரையும்படி ஒரு போட்டியும் வைத்தார்கள்.

இதைக் கேட்டவுடன், மூங்கின் தூரிகையை எடுத்துக்கொண்டால் மூங்காகிவிட முடியுமா என்று பரிகாசம் செய்யத் தோன்றும். 1893-இல் வரைந்த அந்த ‘அலறல்’ அட்டையின்மேல் எண்ணெய் வர்ணத்தோடும் டெம்பராவோடும் வர்ணக்கட்டியையும் தேய்த்து வரைந்தது என்பதை ஞாபகப்படுத்தலாம். தம் ஓவியங்களை மழையிலும் பனியிலும் வெளியே போட்டுவைக்கிற வழக்கம் அவருக்கு இருந்தது. ‘குதிரை வைத்தியம்’ என்று அதற்குப் பெயர். பனியைத் தூரிகையில் எப்படிச் சேமிப்பது?

ஆனால் நான் பரிகாசம் செய்ய மாட்டேன். அந்த ஏழு தூரிகைகளில் உண்மையாகவே ஒன்று இருந்தது. கடையில் வாங்கிய நாளில் அவை எல்லோருடைய தூரிகையும் போலத்தான் இருந்திருக்கும். ஒருவருடைய கை பல காலம் ஒரே விதமாக அழுத்தி, ஒரே பக்கமாகச் சாய்த்து, கழுவியும் கழுவாமலும் விட்டதால் ரோமம் தேய்ந்து, பிரிந்து, விறைத்து ஒரு தனி வடிவம் பெற்றிருந்தது. படமெடுத்துக் காப்பாற்றியது அந்தத் தேய்மானத்தைத்தான். கை போய்விட்டது, கை தேய்த்த தேய்ப்பு மட்டும் மிஞ்சியது.

சீனாவில் ஜியோங் என்ற புத்த பிக்ஷுவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பெரிய எழுத்துக் கலைஞர். தேய்ந்துபோன தூரிகை முனைகளைக் கூடையில் போட்டு வைத்துக்கொண்டே வந்து, கூடைகள் நிறைந்த பிறகு அவற்றைப் புதைத்துச் சமாதி எழுப்பினாராம். யந்திரத்தில் வரைகிறவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவனுடைய தூரிகை தேய்வதே இல்லை. பத்தாயிரம் தடவை இழுத்தாலும் முதல் நாள் மாதிரியே இருக்கும். சென்னினி சுண்ணாம்புச் சுவரில் பழக்கினாரே, அப்படிப் பழக்க முடியாது. அது உரியவனின் கையை ஒருநாளும் கற்றுக்கொள்ளாது.

அதனால்தான் அந்த வேலையை வரைகிறவனே செய்ய வேண்டியிருக்கிறது. இரவல் தூரிகையை எடுத்து வரைந்து பார்க்கிறான்; முனை வழவழப்பாக இருக்கிறது, அவனுக்குப் பிடிக்கவில்லை; கொஞ்சம் சிதைக்கிறான். தடங்கள் நெருங்கிவிட்டன, தளர்த்துகிறான். அழுத்தத்துக்கு அதிகமாக அகலுகிறது, அடக்குகிறான். வேறு பெயரிட்டுச் சேமிக்கிறான். மறு வாரம் அதையும் திருத்துகிறான். ரோமத்தைக் கை தானாகத் தேய்த்த காலம் போய், அறிந்தே தேய்க்கிற காலம் வந்திருக்கிறது. இரவலாக வந்த ஆயிரம் தூரிகைகளில் ஒன்றையாவது இப்படித் தேய்த்துத் தன்னுடையதாக்கிக்கொண்டவனுக்கு, மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் தேவைப்படாமலே போய்விடும்.

கூடம் கோணலா என்று பார்ப்பதில் தவறே இல்லை. கோணல் என்று தெரிந்தால், ஆடத் தெரிந்தவள் சுண்ணாம்பும் கரண்டியும் எடுத்து அதைத் தானே நிமிர்த்திக்கொள்வாள். பிறகு சலங்கையைக் கட்டுவாள்.